வாசிக்க மட்டும்

ஹட்டனில் ஒரு இரும்புக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்காக நடந்த சின்ன அமைப்பு அது. சம்பளம் கிடைக்காமல் திரும்பியவர்கள், மகளிடமிருந்து மாதக்கணக்கில் சேதி வராத தாய்மார், பயணப்படுவதற்கு முன் விவரம் கேட்க வரும் இளம்பெண்கள் என்று காலையிலிருந்து அந்த மரப்படியில் செருப்புச் சத்தம் ஓயாது. வேலை செய்தவர்கள் நாலு பெண்கள். எங்களில் தலைமையாக இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். மலையகப் பாடசாலைகளில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். நான் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவள். கண்டியில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மின்சாரத்தில் ஓடும் எந்தச் சாமான் பழுதானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், தேத்தண்ணிக் கேத்தல் உட்பட.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. எங்களுக்கு உதவி செய்தவர்கள் கொடுத்த நிதியில் ஒரு நல்ல இணைய இணைப்பு கிடைத்தது. அதை வைத்து நாங்களே ஒரு இணையத்தளம் நடத்தலாம் என்று நான்தான் சொன்னேன். யன்னலோரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்தோம், அதுதான் சேர்வர். உலகத்தில் எங்கிருந்து யார் எங்கள் பக்கத்தைத் திறந்தாலும், அது அந்த யன்னலோரத்திலிருந்துதான் புறப்பட்டுப் போகும். வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே அதன் சின்னப் பச்சை விளக்கு மினுங்கும்போது, யாரோ எங்கேயோ நம்மை வாசிக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

தளத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. போவதற்கு முன் பார்க்க வேண்டியவை, போன இடத்தில் சிக்கல் வந்தால் செய்ய வேண்டியவை, எந்தெந்த முகவர்கள் மேல் எங்களுக்குப் புகார் வந்திருக்கிறது என்று சொல்லும் ஒரு பக்கம். எல்லாப் பக்கத்தின் தலைப்பிலும் பெரிய எழுத்தில் எங்கள் தொலைபேசி இலக்கம். அந்த இலக்கம்தான் முக்கியம். வேலைக்கு வைத்திருந்த வீட்டுக்காரர்கள் கடைக்குப் போன நேரத்தில் பிள்ளைகளின் கம்ப்யூட்டரைத் திறந்து, அதைப் பார்த்து எங்களோடு பேசிய பெண்கள் இருந்தார்கள். கொழும்பில் வேலை செய்யும் தம்பி பார்த்து, அரபு நாட்டில் இருக்கும் அக்காவுக்குச் சொன்னதும் உண்டு.

ஒரு நாள் பூண்டுலோயாவிலிருந்து ஒரு அம்மா வந்தார். கொழுந்து பறிப்பவர், அன்றைக்குக் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல் பஸ் ஏறியிருந்தார். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, நின்றபடியே பேசினார்.

"ஒங்கள நம்பித்தானேம்மா இருந்தோம். நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?"

மிஸ் எழுந்து வந்தார். "என்ன நடந்தது அம்மா? முதல்ல இருங்கோ."

"எம் மக அந்த வீட்டுல அடி தாங்க முடியாம ஒங்க நம்பருக்குப் பேசியிருக்கா. ஒரு ஆம்பள எடுத்தாராம். பேரு, வீடு எல்லாம் விசாரிச்சிட்டு, பேசாம அங்கயே இரு, வெளிய போனா போலீஸ் புடிக்கும்னு சொல்லி வச்சிட்டாராம். அடுத்த நாளே வீட்டுக்காரங்களுக்கு விசயம் தெரிஞ்சு போச்சு. இப்ப ரூம்புல வச்சுப் பூட்டுறாங்களாம். பக்கத்து வீட்டுல வேல செய்யிற புள்ளதான் எனக்குப் போன் பண்ணிச் சொன்னா."

எங்கள் அலுவலகத்தில் ஆண்கள் யாருமே இல்லை. தொலைபேசியை எடுப்பவர்கள் நாங்கள் நாலு பேரும்தான். நான் என் மேசைக்குப் போய்த் தளத்தைத் திறந்தேன். எழுத்து, நிறம், படங்கள், எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. தொலைபேசி இலக்கத்தை வாய்விட்டுப் படித்தேன். பாதிக்கு மேல் எங்களுடைய எண்களே இல்லை.

அதற்கு முன்பும் ஒரு தடவை யாரோ உள்ளே புகுந்து முகப்பில் மண்டையோட்டுப் படம் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சிரித்துக்கொண்டே துடைத்தேன். அப்படிச் செய்கிறவனுக்குத் தன் வேலையை ஊரெல்லாம் பார்க்க வேண்டும். இதைச் செய்தவனுக்கு யாரும் பார்த்துவிடக் கூடாது.

மிஸ் அந்த அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. "அப்ப எம் மக யார்கிட்டதான் பேசினா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் பொய் இலக்கத்துக்கு மிஸ் பேசிப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

நான் இலக்கத்தைத் திருத்தினேன். எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றினேன். சேர்வரைத் துடைத்துவிட்டுப் புதிதாக எல்லாம் ஏற்றினேன். சில நாள் பொறுத்து இலக்கம் திரும்பவும் மாறியது. மறுபடி துடைத்தேன், மறுபடி மாறியது. அலுவலகத்துக்குள் நுழைந்ததும் குடையைக்கூட மடக்காமல் தளத்தைத் திறந்து, இலக்கத்தை எண் எண்ணாகப் படிப்பது என் வழக்கமாகிவிட்டது. நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் எந்தப் பிள்ளை எந்த இலக்கத்தைப் பார்த்துப் பேசுகிறாளோ என்ற நினைப்பில் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

கடைசியில் மிஸ் என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உது இப்பிடியே போகேலாது. எங்கட பேரில வேற ஆரோ கதைக்கிறதைவிட, தளம் இல்லாமல் இருக்கிறது நல்லது. கொஞ்ச நாளைக்கு மூடுவம்."

"மூடிட்டா அவங்களுக்கு அதுதானே வேணும் மிஸ்?"

"ஓம், விளங்குது. ஆனா வேற வழி ஒண்டு சொல்லுங்கோவன்."

அன்றே தளத்தை மூடினேன். பச்சை விளக்கு மினுங்குவது நின்றது.

பூண்டுலோயா அம்மா அந்த வாரமே திரும்பவும் வந்தார். அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்துக்கு அனுப்புவதற்காக அவர் சொல்வதைப் பதிவுசெய்ய எங்களோடு வேலை செய்த ஒருத்தி டேப் ரெக்கோடரைக் கொண்டுவந்து வைத்தாள். அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் போட்டுச் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். அது இறங்கவில்லை.

"என்னன்னு தெரியல, அமுங்க மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்" என்று என்னைக் கூப்பிட்டாள்.

கேசட்டை வெளியே எடுத்ததுமே எனக்குப் புரிந்தது. அதன் மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை யாரோ உடைத்திருந்தார்கள். அந்தப் பல் இல்லாவிட்டால் ரெக்கோடர் பதிவுசெய்யாது. இது எனக்கு எங்கள் வீட்டில் தெரிய வந்த விசயம். தொண்ணூறுகளில் என் அக்கா அரபு நாட்டில் இருந்தாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவாள். வீட்டில் சின்னவர்கள் நாங்கள், ஒரு கேசட்டில் அக்காவின் குரலுக்கு மேலேயே வானொலிப் பாட்டைப் பதிந்துவிட்டோம். அம்மா அன்றைக்கு அழுததை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு வந்த கேசட்டுகளில் எல்லாம் அக்காவே அந்தப் பல்லை உடைத்து அனுப்பினாள். எங்களில் யார் எவ்வளவு பலமாக அமுக்கினாலும் பொத்தான் இறங்காது.

கையில் அந்தக் கேசட்டோடு யன்னலோரத்துச் சேர்வரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் இத்தனை நாளும் செய்தது, அமுக்க வேண்டாம் என்று சொன்னது மட்டும்தான். கடவுச்சொல் என்பது ஒரு சொல். அதைக் கண்டுபிடித்தால் சேர்வர் யாருக்கும் கீழ்ப்படியும். ஹார்ட் டிஸ்க்குக்கு எழுதத் தெரியும். ஆகவே யாராவது அதை எழுத வைப்பார்கள். எழுதவே தெரியாத ஒன்றில் தளத்தை வைத்தால்?

ரயில் நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு முஸ்லிம் வியாபாரி பழைய கம்ப்யூட்டர்ச் சாமான் கடை வைத்திருந்தார். நாங்கள் நானா என்று கூப்பிடுவோம். நேரே அங்கே போனேன்.

"நானா, எழுதாத சீடி டிரைவ் ஒன்னு வேணும்."

"எழுதாததா?" அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "எல்லாரும் ரைட்டர் கேட்டு வாறாங்க. நல்ல ரைட்டர் ஒன்டு ஈக்குது தங்கச்சி, பாருங்களேன்."

"வேணாம் நானா. யாரு சொன்னாலும் எழுத முடியாததா இருக்கணும். வாசிக்க மட்டும் தெரியணும்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மூலையைக் காட்டினார். "அப்ப அங்க பாருங்க, அட்டியா ஈக்குது. ஒருத்தரும் ஏறெடுத்துப் பாக்காத சாமான். விருப்பமானத எடுத்துக்கோங்க."

தூசியைத் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, சத்தம் குறைந்த ஒன்றை எடுத்து வந்தேன். அடுத்து வந்த வாரங்கள்தான் கஷ்டமானவை. கம்ப்யூட்டர் இயங்குவதற்கு வேண்டிய எல்லாவற்றையும், தளத்தின் எல்லாப் பக்கங்களையும், ஒரே சீடிக்குள் அடக்க வேண்டும். இணையத்தோடு தொடுக்காத வேறொரு கம்ப்யூட்டரில் வைத்து சீடியை எழுதுவேன், கொண்டுவந்து சேர்வரில் போடுவேன், அது பாதி வழியில் நின்றுவிடும். காரணத்தைத் தேடித் திருத்தி, இன்னொரு சீடி எழுதுவேன். வீணான சீடிகளை எல்லாம் மற்றவர்கள் தேத்தண்ணிக் கோப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். எல்லா மேசையிலும் என் தோல்விகள் பளபளத்துக்கொண்டிருந்தன.

ஒரு மதியம் அது நின்றுவிடாமல் இறுதிவரை போனது. திரையில் வரிகள் ஓடி முடிய, எங்கள் தளத்தின் முகப்பு வந்தது. நான் எழுந்து சேர்வரின் பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்க்கை உருவி எடுத்து மிஸ்ஸின் மேசையில் வைத்தேன். வேலை முடிந்துவிட்டது என்று காட்ட எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

"இதென்ன பிள்ளை?"

"இவ்வளவு நாளும் அவங்க எழுதுனது இதுலதான் மிஸ். இனி இது அதுக்குள்ள இல்ல. எல்லாம் சீடியிலதான் ஓடுது."

மிஸ் சீடி என்று சொல்ல மாட்டார், இறுவட்டு என்பார். கணித ஆசிரியை என்பதால் விட்டுக்கொடுக்காமல் ஒவ்வொன்றாகக் கேட்டார். "அப்ப அந்த ஆக்கள் உள்ளுக்கு வரேலாதோ?"

"வரலாம் மிஸ். வரவே முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன். வந்தாலும் எழுத ஒரு எடம் கெடையாது. ஏதாவது கொழப்புனாலும், நிப்பாட்டிப் போட்டா பழையபடி வந்துரும்."

"கரண்ட் போனா?"

"வந்ததும் தானா எழும்பிரும். கெட்டுப் போக உள்ள ஒன்னுமில்ல."

"நாங்களே பிழையா எழுதிப்போட்டா?"

"புதுசா ஒரு சீடி எழுதணும். வேற வழியில்ல."

"அவை வந்து போனதெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? அந்தக் குறிப்பையும் எழுத இடமில்லைத்தானே?"

அது நல்ல கேள்வி. யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று சேர்வர் ஒரு பதிவு வைத்திருக்கும். முன்பு அதையும் அவர்கள் அழித்துவிட்டுத்தான் போனார்கள். அதற்கும் மிஸ்ஸே வழி சொன்னார்: "அந்தப் பழைய பிரிண்டரிலை கொழுவி விடுங்கோ. கடதாசியிலை அடிச்சதை அவை அங்கையிருந்து எப்பிடி அழிக்கிறது?"

பக்கங்களில் துளை போட்ட நீளக் காகிதத்தில் கடகடவென்று அடிக்கும் ஒரு பழைய பிரிண்டர் எங்களிடம் சும்மா கிடந்தது. எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கே அதைச் சேர்வரோடு இணைத்தேன்.

தளத்தைத் திறப்பதற்கு முன் மிஸ் எல்லாப் பக்கங்களையும் காகிதத்தில் எடுத்துச் சிவப்புப் பேனையோடு உட்கார்ந்தார். திருத்த முடியாத ஒன்றில் ஏறப் போகிறது என்றதும் அவருக்கு ஒரு சந்திப் பிழையும் பொறுக்கவில்லை. தொலைபேசி இலக்கத்தை நாங்கள் நாலு பேரும் மாறி மாறிப் படித்தோம். சீடியை டிரைவில் வைத்துத் தட்டை உள்ளே தள்ளினேன். அது சுழலத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் யன்னலோரத்தில் பச்சை விளக்கு மினுங்கியது.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, நாங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பிரிண்டர் திடீரென்று அடிக்கத் தொடங்கியது. வழக்கமாக யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு வரி அடிக்கும், நிற்கும். அன்றைக்கு நிற்கவில்லை. நான் கோப்பையை வைத்துவிட்டு ஓடினேன். மற்றவர்களும் பின்னால் வந்தார்கள்.

"என்ன எழுதுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"உள்ள வந்துட்டான்."

காகிதம் ஏறிக்கொண்டே இருந்தது. முகப்பை மாற்றப் பார்க்கிறான். வரியின் முடிவில் சேர்வரின் பதில்: வாசிக்க மட்டும். இலக்கம் இருக்கும் கோப்பை மாற்றப் பார்க்கிறான். வாசிக்க மட்டும். புகார்ப் பக்கத்தை அழிக்கப் பார்க்கிறான். வாசிக்க மட்டும். அழித்துவிட்டு வேறொன்றை வைக்கப் பார்க்கிறான், பெயரை மாற்றப் பார்க்கிறான், திரும்பவும் முதலிலிருந்து பார்க்கிறான். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, மூன்றாவது நாலாவது வரியிலிருந்து எல்லாரும் என்னோடு சேர்ந்து, "வாசிக்க மட்டும்" என்று சொல்லத் தொடங்கினார்கள். பாடசாலையில் வாய்ப்பாடு சொல்வது மாதிரி இருந்தது. மிஸ்கூடச் சொன்னார். கீழே இரும்புக்கடையில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

கடைசியில் அவன் கோபத்தில் சேவையையே நிறுத்திவிட்டான். தளம் திறக்கவில்லை. ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் கம்ப்யூட்டரின் முன்னால் இருந்த சின்னப் பொத்தானை ஒரு விரலால் அமுக்கினேன். சீடி சுழலும் சத்தம் கேட்டது. திரையில் வரிகள் ஓடின. வீட்டில் அம்மாவுக்கு வந்த கேசட்டைப் போட்டுவிட்டு அக்காவின் குரலுக்காகக் காத்திருந்த மாதிரி காத்திருந்தோம். முகப்பு வந்தது. இலக்கம் இருந்த இடத்தில் எங்கள் இலக்கம்தான் இருந்தது.

நாங்கள் கைதட்டினோம். ஆறிப்போன தேத்தண்ணியைக் கொட்டிவிட்டு, மிஸ் தன் கையாலேயே எல்லாருக்கும் புதிதாக ஊற்றினார்.

அவன் எந்த வழியாக வந்தான் என்பது காகிதத்தில் தெளிவாக இருந்தது. அந்த ஓட்டையை அடைத்துப் புதிய சீடி எழுதினேன். அதற்குப் பிறகும் சில தடவை முயன்றான். பிரிண்டர் அடிக்கும், நாங்கள் திரும்பிப் பார்ப்போம், அவரவர் வேலையைத் தொடர்வோம்.

அந்த நாட்களில்தான் ஒரு மாலை தொலைபேசி வந்தது. நான் எடுத்தேன். மறுபுறம் ஒரு பெண் குரல், மூச்சு வாங்கியது.

"அக்கா, இது ஹட்டன் ஆபீஸ் தானே? பொம்பளதானே பேசுறீங்க?"

"ஆமாம்மா, சொல்லுங்க."

"நான் பூண்டுலோயா புள்ள. பக்கத்து வீட்டு அக்கா கம்ப்யூட்டர்ல பாத்து நம்பரு குடுத்தாங்க. நான் வீட்ட விட்டு வந்துட்டேன். இப்ப ரோட்டுல ஒரு கடையில நிக்கிறேன்."

நான் கையைத் தூக்கி மிஸ்ஸைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவள் பேசியது எங்களோடுதான். மிஸ் அவளைக் கடையை விட்டு அசையாமல் நிற்கச் சொல்லி, தூதரகத்துக்குப் பேசி, ஆள் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை இரண்டு தொலைபேசிகளையும் கீழே வைக்கவில்லை. அவள் தூதரகத்தின் தங்குமிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். அடுத்த நாள் அவளுடைய அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் மிஸ்ஸின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆனால் பிள்ளையால் ஊருக்கு வர முடியவில்லை. கடவுச்சீட்டு வீட்டுக்காரர்களிடம். அதைத் திருப்பி வாங்க, அவளை அனுப்பிய முகவர்தான் பேச வேண்டும். முகவரோ எங்கள் தொலைபேசிக்குப் பதிலே சொல்லவில்லை.

அவரே வந்தார். ஒரு முற்பகல் நேரம், சப்பாத்துச் சத்தம் படியேறியது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் இரண்டு போன். பணிவாகத்தான் உட்கார்ந்தார்.

"மேடம், நம்ம ஆபீஸ் பேரு ஒங்க கம்ப்ளெய்ன்ட் பக்கத்துல வருது. ஆளுங்க பாத்துட்டு வர யோசிக்கிறாங்க. அத எடுத்துருங்க. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்குவோம்."

"பேசத்தான் நாங்களும் எத்தினையோ தரம் எடுத்தம்" என்றார் மிஸ். "நீங்கள் போனைத் தூக்கேல்ல."

அவர் சிரித்தார். "இப்ப வந்துட்டேன்ல. எடுக்கிறது கஷ்டம்னு தெரியும் மேடம். உள்ள போனாலும் மாத்த முடியாதாமே, சீடியில வச்சிருக்கீங்களாமே. நீங்களாப் பாத்து மாத்துனாத்தான் உண்டு."

நான் தட்டச்சு செய்வதை நிறுத்தினேன். சீடியில் ஓடுவதை எங்களைத் தவிர வெளியே யாருக்கும் சொன்னதில்லை. நானாவுக்குக்கூட, ஒரு பழைய டிரைவ் வாங்கினேன் என்பதோடு சரி. உள்ளே போய்ப் பார்த்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும். மிஸ்ஸைப் பார்த்தேன். அவருக்கும் விளங்கிவிட்டது என்பது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்த விதத்தில் தெரிந்தது. ஆனால் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஓம், நாங்களாத்தான் மாத்த வேணும். பூண்டுலோயாப் பிள்ளையின்ரை கடவுச்சீட்டை எடுத்துக் குடுத்து, டிக்கெட்டும் போட்டு, ஊருக்கு அனுப்புங்கோ. அவ வீடு வந்து சேர்ந்ததெண்டு உங்கட பேருக்குக் கீழ ஒரு வரி போடுவம்."

"அப்ப பேரு போயிருமா?"

"இல்லை. புகார் வந்தது உண்மை. பிள்ளை வந்து சேர்ந்தா அதுவும் உண்மை. ரெண்டும் கிடக்கும்."

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், யன்னலோரத்துச் சேர்வரையும் பார்த்தார். இத்தனை நாளும் அந்தப் பெட்டிக்குள் யாருக்கும் தெரியாமல் வந்து போனவர்கள், பகல் வெளிச்சத்தில் படியேறி வந்து கேட்க வேண்டியதாகிவிட்டது. எழுந்து போய்ப் பொத்தானை அவர் கண் முன்னால் அமுக்கிக் காட்ட வேண்டும் போல இருந்தது. அடக்கிக்கொண்டேன்.

"பாக்குறேன் மேடம்" என்று எழுந்தார். படியில் அவர் சப்பாத்துச் சத்தம் இறங்கி மறைந்ததும், எங்களில் ஒருத்தி யன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தாள். "போறாரு, போறாரு, வேன்ல ஏறிட்டாரு" என்று வர்ணனை சொன்னாள். மிஸ் அவளை உட்காரச் சொல்லி அதட்டினார். ஆனால் தானும் சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் பிள்ளை வந்து சேர்ந்தாள். தாயும் மகளுமாக அலுவலகத்துக்கு வந்தார்கள். மெலிந்து போயிருந்தாள், ஒரு மணிக்கட்டில் காயம் ஆறின தழும்பு. கதிரையில் உட்காராமல் யன்னலோரத்துக்குப் போய், "இதுலயா அந்த நம்பரு இருந்துச்சு?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் சேர்வரின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "சூடா இருக்கே" என்றாள்.

சொன்னபடி முகவரின் பெயருக்குக் கீழே சேர்க்க வேண்டிய வரியை நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். திரையில் காட்டினேன். பாதிக்கப்பட்ட பெண் முகவரின் முயற்சியால் நாட்டுக்குக் கொண்டு வரப்பட்டார் என்று இருந்தது. அவள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னய யாரும் கொண்டு வரல அக்கா. நான் மதிலேறிக் குதிச்சு வந்தவ. அவரு டிக்கெட்டுத்தான் போட்டாரு."

மிஸ் சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "அப்ப நீங்களே சொல்லுங்கோ பிள்ளை, எப்பிடி எழுதுவம்?"

அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன்: இந்தப் பெண் தானாகவே தப்பித்தார். எங்களோடு பேசினார். முகவர் கடவுச்சீட்டையும் டிக்கெட்டையும் கொடுத்தார். இப்போது வீட்டில் இருக்கிறார்.

"சரியா?" என்று கேட்டேன்.

அவள் இன்னொரு தடவை வாசித்தாள். "இனி இத யாரும் மாத்த முடியாது தானே?"

"முடியாது."

"அப்ப சரி. போடுங்க."

புதிய சீடியை எழுதப் போட்டேன். அது எழுதி முடியும்வரை தாயும் மகளும் எங்களோடு உட்கார்ந்து தேத்தண்ணியோடு பணிஸ் சாப்பிட்டார்கள்.